தனுஷ்கோடியில் யாருக்கு முகம் இருக்கிறது?

சினிமாவைப் பற்றிப் பேசத் தெரியாத ஆள் தமிழ்நாட்டில் கிடையாது. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும். "கதை ஒண்ணும் இல்ல, ஆனா கேமரா சூப்பர்" என்று யாராவது ஒருத்தர் தீர்ப்பு சொல்லிவிட்டு கிளாஸை வைத்துவிட்டுப் போவார். கேமரா சூப்பர் என்றால் என்ன என்று அவரைத் திருப்பிக் கேட்டால், பதில் பெரும்பாலும் ஊரைப் பற்றித்தான் வரும். மலை பச்சையாக இருந்தது, கடல் நீலமாக இருந்தது, அருவி கொட்டியது. மலை பச்சையாக இருந்ததற்கு மழைக்குத்தானே நன்றி சொல்ல வேண்டும்? கேமராமேன் என்ன செய்தார்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாலைந்து வார்த்தைகள் தெரிந்திருக்க வேண்டும். ஷாட், ஆங்கிள், லென்ஸ், லைட், கட். சினிமாக்காரர்கள் மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று இவற்றை ஒதுக்கி வைத்திருப்பது தப்பு. அதுவும் ராமேஸ்வரம் கரையில் இருப்பவர்கள் ஒதுக்கி வைக்கவே கூடாது. ஏனென்றால் இந்தக் கரை அளவுக்கு கேமராவால் பார்க்கப்பட்ட, ஆனால் அதில் வாழ்கிறவர்கள் சரியாகக் காட்டப்படாத கரை வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

பாம்பன் பாலத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், சுமார் 2 கிலோமீட்டர் நீளம். அதைப் படம் பிடிக்காத சானல் இல்லை, மொபைல் இல்லை. ஆனால் அத்தனை பேரும் எடுத்தது ஏறக்குறைய ஒரே ஷாட். காரணம் ரொம்ப சிம்பிள். 1988-ல் பக்கத்திலேயே திறந்த சாலைப் பாலம், ரயில் பாலத்தைவிட உயரம். பஸ்ஸிலும் காரிலும் வருகிறவர் அதன்மேல் நின்று கீழே பார்த்து எடுக்கிறார். இதற்குப் பெயர் ஹை ஆங்கிள். மேலிருந்து பார்த்தால் எதுவும் சின்னதாகிவிடும். கடல்மேல் நகரும் ஒரு முழு ரயில், கண்காட்சியில் விற்கும் பொம்மை ரயில் மாதிரி ஆகிவிடும். அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் அதே பாலத்தை ஒரு வல்லத்தில் உட்கார்ந்து தண்ணீர் மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்க்கிற பாம்பன் மீனவருக்கு அது பொம்மை இல்லை. தலைக்கு மேல் தடதடக்கும் ஓர் இரும்புக் கூரை. இது லோ ஆங்கிள். பாலம் ஒன்றுதான். எங்கே நின்று பார்க்கிறோம் என்பதுதான் மாறுகிறது. டூரிஸ்ட் நிற்கிற இடத்தில் கேமராவை வைத்தால் டூரிஸ்ட் பார்ப்பதுதான் கிடைக்கும்.

இன்னொன்று. கப்பல் வரும்போது பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலே எழும். அந்த இரண்டு இறக்கைகளும் எழும்புவதை வைட் ஷாட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவை மோட்டாரால் எழும்பவில்லை. ரயில்வே தொழிலாளிகள் கையால் நெம்பிச் சுற்றித்தான் திறந்தார்கள். அந்தக் கைகளின் க்ளோஸ் அப் எத்தனை பேர் மனதில் இருக்கிறது? வைட் ஷாட் "எங்கே" என்று சொல்லும். க்ளோஸ் அப் "யார்" என்று சொல்லும். "எங்கே" என்பதை மட்டும் ஆயிரம் தடவை காட்டிவிட்டு "யார்" என்பதை விட்டுவிட்டால், பாலம் தானாகத் திறந்தது என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது, கரண்டில் ஓடுகிறது. பழையதற்கு அகலமான ஃப்ரேம் தேவைப்பட்டது என்றால் இதற்கு கேமராவைக் கீழிருந்து மேலே தூக்கும் டில்ட் வேண்டும். அதை எடுக்க இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. கையால் திறந்தவர்களின் க்ளோஸ் அப்பை இனிமேல் எடுக்க வழியில்லை.

அடுத்தது லென்ஸ். தனுஷ்கோடியின் இடிந்த சர்ச்சைத் தெரியாதவர்கள் இல்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல், ரயிலோடும் ஸ்டேஷனோடும் ஒரு ஊரையே கொண்டுபோனது. மிச்சம் இருப்பதில் அதிகம் படமான சுவர் இந்த சர்ச்தான். படங்களில் பார்த்தால் அத்துவானத்தில் ஒற்றைச் சுவர், பின்னால் கடல், ஒரு ஈ காக்காய் இல்லை. நேரில் போய் இறங்கினால் வேறு மாதிரி. சங்கு, சிப்பி, பாசிமணி விற்கிற கடைகள், மீன் வறுக்கிற வாசனை, வேன்கள், வலை காய்கிற இடம், ஓலைக் குடிசைகள். அழிந்த ஊர் என்று சொல்லப்படும் இடத்தில் மீனவக் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

படத்தில் இவர்கள் எங்கே போனார்கள்? லென்ஸ் முழுங்கிவிட்டது. டெலி லென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. தூரத்திலிருந்து எடுப்பதற்கானது. அதில் கிடைக்கிற பார்வைக் கோணம் ரொம்பக் குறுகல். பக்கவாட்டில் இருக்கிற கடை, வேன், ஆள் எல்லாம் வெளியே போய்விடும். தூரத்தில் நின்று எடுப்பதால் முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கியது போலத் தெரியும். கொஞ்ச தூரம் தள்ளியிருக்கும் கடல் சர்ச் சுவரை ஒட்டி நிற்கும். வைட் லென்ஸ் நேர் எதிர். பக்கத்தில் போய் எடுக்க வேண்டும், சுற்றியிருக்கும் எல்லாம் உள்ளே வந்துவிடும், இடைவெளிகள் விரியும். 35 எம்எம் ஸ்டில் கேமராவில் 50 எம்எம் லென்ஸ் ஏறக்குறைய மனிதக் கண் பார்ப்பது மாதிரி என்பார்கள். அதாவது ஆளோடு பேசுகிற தூரத்தில் நின்றால் ஆளோடு பேசுகிற மாதிரியே படம் வரும்.

டெலி லென்ஸில் எடுத்த சர்ச் பொய்யா? பொய் என்று சொல்ல முடியாது. அங்கே இல்லாத எதையும் அது சேர்க்கவில்லை. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு கம்பெனி தன் பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பொய் எண்கூடப் போடாமல், சிலதை வெளியே வைத்தே அழகாகக் காட்டிவிட முடியும். விண்டோ டிரஸ்ஸிங் என்று மூன்று மார்க் கேள்வியாகக்கூட வரும். ஃப்ரேமும் அப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பது பாதிக் கணக்கு.

இப்போது ஒரு சுவாரசியமான விஷயம். சினிமா கற்றுக்கொள்கிறவர்களைப் பாடாய்ப்படுத்துவது 180 டிகிரி ரூல். இரண்டு பேர் பேசுகிறார்கள் என்றால் அவர்களுக்கு நடுவே ஒரு கற்பனைக் கோடு. கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும். தாண்டினால், ஸ்க்ரீனில் இடது பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் அடுத்த கட்டில் வலது பக்கம் பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவது போல ஒரு குழப்பம் வரும். புத்தகத்தில் படம் போட்டு விளக்கினாலும் பலருக்கு இது மண்டையில் ஏறாது. தனுஷ்கோடியில் ஏறும். ஏனென்றால் அங்கே அந்தக் கோடு கற்பனை இல்லை, தார் ரோடு.

அரிச்சல்முனைக்குப் போகும் ரோட்டில் கிழக்கு பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் பாக் ஜலசந்தி, வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா. ஒன்று குளம் மாதிரி இருக்கும், இன்னொன்று அலை அடித்துக்கொண்டு கிடக்கும். ஊர்க்காரர்கள் அமைதியானதைப் பெண் கடல் என்றும் சீறுகிறதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள் (வீட்டில் நிலைமை தலைகீழ் என்று சொல்கிறவர்களும் உண்டு :-) ). ரோட்டின்மேல் எதிரெதிரே நின்று இரண்டு பேர் பேசுகிறார்கள், கேமரா வடக்கே நின்று தெற்கே பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் பின்னால் ஆண் கடல். கோட்டைத் தாண்டி கேமரா தெற்கே போனால் முகம் திரும்புவது மட்டுமில்லை, பின்னால் கடலே மாறிவிடும். சத்தமும் மாறிவிடும். பேச்சின் பாதியில் அலை நின்றுபோகும்!

இதையே வேண்டுமென்றும் செய்யலாம். இரண்டு பேரையும் ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டால், ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் ஆண் கடல், இன்னொருத்தர் முதுகுக்குப் பின்னால் பெண் கடல். ரூலை மீறாமலே, கட்டுக்குக் கட்டு ஒரு முகம் கொந்தளிப்பிலும் மறுமுகம் அமைதியிலும் வந்துபோகும். டயலாக்கே தேவைப்படாது. ஆனால் ஜூலையில் பாதிக் காட்சியும் டிசம்பரில் மீதியும் எடுத்தால் தொலைந்தது. வாடை வீசும் காலத்தில் பாக் ஜலசந்தியும் சீற ஆரம்பித்துவிடும், இரண்டு கடலின் குணமும் இடம் மாறிவிடும். கண்டினியூட்டி என்றால் ஹீரோவின் சட்டை பட்டனை மட்டும் எண்ணுவது என்று நினைத்திருக்கும் உதவி இயக்குநர் அன்றைக்கு மாட்டிக்கொள்வார்.

லைட்டுக்கு வரலாம். உண்மையான சண்டை அங்கேதான் இருக்கிறது.

சூரியன் மறைந்த பிறகு இருட்டுவதற்குள் கிடைக்கும் வெளிச்சத்தை மேஜிக் அவர் என்கிறார்கள். பெயரில்தான் ஒரு மணி நேரம். நெஸ்டர் அல்மென்ட்ரோஸ் ஆஸ்கார் வாங்கிய 'டேஸ் ஆஃப் ஹெவன்' (1978) படத்தில் பெரும்பகுதியை இந்த வெளிச்சத்தில் எடுத்தார்கள். தினமும் கொஞ்ச நேரம்தான் வேலை, மீதி நேரம் காத்திருப்பு. அது கனடாவில். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ராமேஸ்வரத்தில் சூரியன் சாய்ந்து இறங்காது, செங்குத்தாக விழும். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த அவசரத்தில் எடுக்கப்படுவது என்ன? வலை இழுக்கும் மீனவர், கருப்பு நிழலாக. பின்னால் ஆரஞ்சு வானம்.

இந்தப் படம் காலண்டரில் இருக்கிறது, டூரிஸ்ட் நோட்டீஸில் இருக்கிறது, மீனவர் பிரச்னை பற்றிய டிவி செய்தியின் பின்னணியில்கூட இருக்கிறது. இதற்கு சில்லவுட் என்று பெயர். அது எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் கோபம் வரும். வெயிலில் மின்னும் கடலுக்கும் அதற்கு முன்னால் நிற்கும் கறுத்த முகத்துக்கும் நாலு ஸ்டாப் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஸ்டாப்பும் இரட்டிப்பு என்பதால், வெளிச்சத்தில் 16 மடங்கு வித்தியாசம். கேமராவால் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாக, நன்றாகக் காட்ட முடியாது. கடலுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் முகம் கருகும். முகத்துக்கு வைத்தால் கடல் வெளுக்கும். கடலா, முகமா என்று ஒருத்தர் முடிவு செய்தே ஆக வேண்டும். மொபைலில் ஆட்டோவில் விட்டால் அது சராசரி போட்டுப் பார்த்து, வெளிச்சம் ஜாஸ்தி என்று குறைத்துவிடும். முகம் போச்சு. ஸ்க்ரீனில் முகத்தின்மேல் விரலை வைத்தால் முகம் வந்துவிடும். ஒரு விரல் தொடும் வேலைதான். ஆனால் தொட வேண்டும் என்று தோன்ற வேண்டுமே.

ஃபிலிம் காலத்தில் இது இன்னும் மோசம். கலர் சரியாக இருக்கிறதா என்று லேப்களில் ஒப்பிட்டுப் பார்க்க கோடாக் அனுப்பிய அட்டையில் பல வருஷங்களுக்கு இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷர்லி கார்டு என்று அதற்குப் பெயர். அவர் முகம் சரியாக வந்தால் ஃபிலிம் சரி. கறுப்பு முகங்கள் சரியாக வரவில்லை என்பதைவிட, சாக்லெட்டும் மர பர்னிச்சரும் சரியாக வரவில்லை என்று கம்பெனிகள் புகார் சொன்னபோதுதான் அடர்நிறங்களைக் கவனிக்க ஆரம்பித்தார்கள் என்று இதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மார்க்கெட் டிமாண்ட்!

கறுப்பு முகத்தை வெயிலில் எடுக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தமிழ் சினிமா யூனிட்டில் வெறும் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து வெளிச்சத்தை முகத்தில் அடிப்பார்கள். தனுஷ்கோடியில் அதுகூடத் தேவையில்லை. அந்த வெளிர் மணலே பெரிய ரிஃப்ளெக்டர். காலை வெயிலில் கீழிருந்து மேலாக முகத்தில் வெளிச்சம் ஏறும். வேண்டியதெல்லாம், மீனவரைச் சாயங்காலம் ஆறு மணிக்கு இல்லாமல் காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்ப்பதுதான். அப்போது அவர் மீனைத் தரம் பிரித்துக்கொண்டோ ஏலக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டோ இருப்பார். போஸ் கொடுக்க மாட்டார். முகம் இருக்கும். ராமநாதபுரம் கரையில் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்களைப் பற்றி பாரி இணையதளத்தில் எம். பழனிக்குமார் 2019-ல் எடுத்து வெளியிட்ட புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். அந்தப் பெண்கள் நிழல்கள் இல்லை. தொழில் தெரிந்தவர்கள் என்பது பார்த்தவுடன் தெரியும்.

சில்லவுட்டே தப்பு என்பது வாதம் இல்லை. அதற்கென்று ஒரு நியாயமான வேலை இருக்கிறது. முகத்தைக் காட்டினால் ஆபத்து வரும் என்கிறவர்களை மறைப்பது. 2022 மார்ச்சில் இலங்கையில் பொருளாதாரம் விழுந்தபோது முதலில் 16 பேர் படகில் தனுஷ்கோடி பக்கம் வந்து இறங்கினார்கள். அதில் கைக்குழந்தையும் இருந்தது. வீட்டை விட்டு, காசைக் கொட்டிக் கொடுத்து, இரவில் கடல் தாண்டி, அடுத்து ஜெயிலா முகாமா என்று தெரியாமல் நின்றவர்கள். அவர்கள் முகம் நேராக, க்ளோஸ் அப்பில், நாடு முழுக்கப் போனது. எதிரே கடற்கரையில் காலம் முழுக்க நின்று வேலை செய்கிற மீனவருக்கு நிழல். மறைத்துக் காட்ட வேண்டியவருக்கு முழு வெளிச்சம். இரண்டு இடத்திலும் டெக்னிக் தெரியாமல் இப்படி நடக்கவில்லை. எது "நல்லா இருக்கும்" என்று யோசித்ததால் நடந்தது.

சினிமா இந்தக் கரையை எப்படிப் பார்த்தது என்றும் கேட்கலாம். பாலாவின் 'நந்தா' (2001), அகதிப் படகுகள் வந்து சேரும் கரையாக ராமேஸ்வரத்தைக் காட்டியது. மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில் அமுதா பிறந்தது ராமேஸ்வரம் அகதி முகாமில். இரண்டாவது படத்தைப் பற்றி "கேமரா சூப்பர்" என்று சொல்லாதவர்கள் கிடையாது. ரவி கே. சந்திரனின் கேமரா உண்மையிலேயே அருமைதான். ஆனால் அந்தப் படத்துக்குக் கிடைத்த ஆறு தேசிய விருதுகளில் ஒளிப்பதிவு இல்லை. எடிட்டிங் இருந்தது, ஒலிப்பதிவு இருந்தது. ஸ்ரீகர் பிரசாத்தின் கட்டைப் பற்றி டீக்கடையில் யாரும் பேசவில்லை. நல்ல கட் கண்ணுக்குத் தெரியாது, அதனால் பெயரும் கிடைக்காது. லெவ் குலெஷோவ் என்ற ரஷ்யர் நூறு வருஷத்துக்கு முன்பே இதைச் செய்து காட்டினார். ஒரே முகத்துக்குப் பக்கத்தில் ஒரு தடவை சூப் கிண்ணம், இன்னொரு தடவை சவப்பெட்டி. முகம் மாறவே இல்லை, ஆனால் முதலில் பசி தெரிந்தது, அடுத்து துக்கம் தெரிந்தது என்றார்கள் பார்த்தவர்கள். பாம்பன் மீனவரின் முகத்துக்கு அடுத்து ஒரு காலிப் படகை வெட்டி ஒட்டினால் பரிதாபம், கடத்தல் தங்கத்தை ஒட்டினால் குற்றவாளி. அவர் என்னவோ சும்மா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றிருப்பார்.

லீனா மணிமேகலையின் 'செங்கடல்' இதில் தனி ரகம். தனுஷ்கோடியிலேயே எடுத்து, அங்கத்திய மீனவர்களையே நடிக்க வைத்த படம். சென்சார் போர்டு முதலில் சர்டிஃபிகேட் தர மறுத்தது, 2011-ல் ட்ரிப்யூனல் வரை போய்த்தான் படம் வெளியே வந்தது. படத்தின் எல்லா வாதத்தோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை. சில இடங்களில் இழுவைதான். ஆனால் அதில் கரைக்காரர்கள் பின்னணி இல்லை. மேலே சொன்ன ஷாட், லென்ஸ், லைட் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தால், மற்ற படங்களில் எது விடுபட்டது என்று புரியும்.

"ரசிக்க விடுங்கப்பா, எல்லாத்தையும் இப்படிப் பிரிச்சா படமே பார்க்க முடியாது" என்று ஒரு கட்சி எப்போதும் இருக்கும். சமையல் தெரிந்தவர் சாப்பாட்டை ரசிப்பதில்லையா என்ன? உப்பு குறைகிறது என்று அவரால் சொல்ல முடியும், அவ்வளவுதான் வித்தியாசம். தவிர, இப்போது படம் பார்க்கிறவர் மட்டுமா இருக்கிறார்? 2017-ல் ரோடு போட்ட பிறகு அரிச்சல்முனையில் தினமும் எத்தனை மொபைல், எத்தனை ட்ரோன், எத்தனை கல்யாண ஜோடி ஷூட்டிங்! ட்ரோன் மேலே போகிறது, இரண்டு கடலுக்கு நடுவில் ஒரு கோடு, கோட்டின்மேல் புள்ளிகள். அந்தப் புள்ளிகளில் ஒன்று மாங்காய் விற்கிற அம்மா. காலை எட்டு மணிக்கு அவர் கூடையை இறக்கும்போது வெயில் பக்கவாட்டில் விழும், மணல் கீழேயிருந்து வெளிச்சம் கொடுக்கும். நாலடி தூரத்தில் நின்று, "அம்மா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டு, ஸ்க்ரீனில் முகத்தின்மேல் விரலை வைத்தால் போதும். பின்னால் கடல் கொஞ்சம் வெளுக்கும். வெளுக்கட்டும்.